கோப்புகளைப் பத்திரமாக நகலெடுக்க உதவும் ஆர்சிங்க், ரோபோகாப்பி கட்டளைகள்

ஒரு சங்கத்தின் செயலாளர் மாறும்போது கைமாறுவது முத்திரையும் வரவு செலவுக் கணக்கும் மட்டுமல்ல. பத்துப் பதினைந்து ஆண்டு நிகழ்ச்சிப் படங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பட்டியல், மலருக்காகத் தட்டச்சு செய்த கட்டுரைகள் அனைத்தும் இன்று ஒரு மடிக்கணினியிலோ ஒரே ஒரு வன்தட்டிலோதான் இருக்கின்றன. ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், எழுத்தாளர் அமைப்பு, குடும்ப ஆல்பம் என எங்கும் இதே நிலைதான். அந்த வன்தட்டு ஒருநாள் கீழே விழுந்தால் எல்லாம் போய்விடும்.

நகலெடுத்து வைப்போம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் மவுசால் கோப்புறையை இழுத்துப் போடுகிறார்கள். சில நூறு கோப்புகளுக்கு அது போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால், பாதி வழியில் ஒரு கோப்பைப் படிக்க முடியாமல் நகலெடுப்பு நின்றுவிடக்கூடும். எது போனது, எது போகவில்லை என்று தெரியாது. மறுபடி தொடங்கினால் ஏற்கெனவே உள்ளவற்றை மாற்றவா, விடவா என்று கணினி கேட்கும். அடுத்த மாதம் புதிய படங்களைச் சேர்க்கும்போதும் இதே குழப்பம்.

இதற்குக் கட்டளை வரியில் இயங்கும் இரண்டு கருவிகள் நீண்ட காலமாகவே உள்ளன. மேக், லினக்ஸ் கணினிகளில் ஆர்சிங்க். விண்டோஸ் கணினியில் ரோபோகாப்பி. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இரண்டும் மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் கொண்டு செல்கின்றன. இடையில் நின்றுபோனால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பும், தேவையான இடங்களில் எழுத்துக்கூட்டலும் தரப்பட்டுள்ளன.

கான்பெராவில் பிறந்த ஆர்சிங்க்

ஆர்-எஸ்-ஒய்-என்-சி என்ற ஐந்து எழுத்துகளால் ஆனது ஆர்சிங்க். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996 ஜூன் மாதம் இதை வெளியிட்டனர். விண்டோஸ் கணினிகளும் யூனிக்ஸ் வகைக் கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பா மென்பொருளை உருவாக்கியவரும் டிரிட்ஜெல்தான். ஆர்சிங்க் பயன்படுத்தும் கணக்கீட்டு முறையை 1999இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அவர் விளக்கியிருக்கிறார்.

அன்று தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் மெதுவாக நகர்ந்த காலம். பெரிய கோப்பு ஒன்றில் ஒரு பத்தி மட்டும் மாறியிருந்தாலும் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. பழைய கோப்பு ஒரு கணினியிலும் புதிய கோப்பு மற்றொன்றிலும் இருக்கும்போது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமலே வேறுபாட்டை மட்டும் எப்படி அனுப்புவது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

விடை எளிமையானது. பழைய கோப்பை வைத்திருக்கும் கணினி அதைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு எதிர்ப்பக்கம் அனுப்புகிறது. முதல் எண் விரைவாகக் கணக்கிடக்கூடியது. இரண்டாவது எண் உறுதியானது. புதிய கோப்பை வைத்திருக்கும் கணினி அதன் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, அதே எண் வரும் இடங்களைத் தேடுகிறது. விரைவான எண் பொருந்தினால் உறுதியான எண்ணையும் பார்க்கிறது. பொருந்தும் துண்டுகளுக்கு “அது உன்னிடமே இருக்கிறது” என்ற குறிப்பும், பொருந்தாத பகுதிகளுக்கு உண்மையான தரவும் போகின்றன. நடுவில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்து மற்றவையெல்லாம் சற்றுத் தள்ளிப்போயிருந்தாலும் இந்த முறை அவற்றைக் கண்டுபிடித்துவிடும்.

இந்தத் துண்டுக் கணக்கு இரண்டு கணினிகளுக்கு இடையில் நடக்கும்போதுதான் பயன் தருகிறது. ஒரே கணினியில் செருகிய இரண்டு வன்தட்டுகளுக்கு இடையே ஆர்சிங்க் மாறிய கோப்பை முழுதாகவே நகலெடுக்கும். அங்கே துண்டு துண்டாக ஒப்பிடுவதைவிட முழுதாக எழுதுவதே விரைவு.

எந்தக் கோப்பு மாறியது என்பதை அது முடிவுசெய்யும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமாக ஆர்சிங்க் கோப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை. கோப்பின் அளவும், கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் தாண்டிச் சென்றுவிடும். அதனால்தான் பல்லாயிரம் படங்கள் உள்ள கோப்புறையையும் இரண்டாம் முறை மிக விரைவில் முடித்துவிடுகிறது.

அடிப்படைக் கட்டளை

மேக் கணினியில் டெர்மினல் என்ற செயலியைத் திறக்க வேண்டும். ஆர்சிங்க் ஏற்கெனவே அதில் இருக்கும். லினக்ஸ் கணினிகள் பலவற்றிலும் இருக்கும். இல்லையென்றால் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் ஆர்சிங்கைப் பயன்படுத்த விரும்புவோர், விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் துணை அமைப்பை நிறுவ வேண்டும்.

கட்டளையில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலில் ஆர்சிங்க் என்ற பெயர். அடுத்து, சிறு கோட்டுடன் ஒட்டிய விருப்பத் தேர்வு எழுத்துகள். பிறகு மூலக் கோப்புறையின் பாதை. இறுதியில் சேரிடத்தின் பாதை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. பாதையைத் தட்டச்சு செய்வது சிரமமாக இருந்தால், கோப்புறையை மவுசால் டெர்மினல் சாளரத்துக்குள் இழுத்து விடலாம்; பாதை தானே எழுதப்படும். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் பாதையை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட வேண்டும்.

அன்றாடம் பயன்படும் விருப்பத் தேர்வுகள் இவை:

‘ஏ’ (சிறிய எழுத்து): உள் கோப்புறைகள், கோப்பின் தேதி, அனுமதிகள் ஆகியவற்றைக் காத்து நகலெடுக்கும். தேதி காக்கப்படாவிட்டால் அடுத்த முறை ஒப்பீடு தவறிவிடும் என்பதால் இது எப்போதும் வேண்டும்.

‘வி’ (சிறிய எழுத்து): நகலெடுக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் திரையில் காட்டும்.

‘என்’ (சிறிய எழுத்து): வெள்ளோட்டம். எதையும் நகலெடுக்காமல், என்ன நடக்கும் என்று மட்டும் பட்டியலிடும்.

‘பி’ (பெரிய எழுத்து): எவ்வளவு முடிந்தது என்று காட்டும். இடையில் நின்றால் பாதி வந்த கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும். பெரிய காணொளிகளுக்கு மிகவும் பயன்படும்.

‘இசட்’ (சிறிய எழுத்து): வலைப்பின்னலில் செல்லும்போது தரவைச் சுருக்கி அனுப்பும். படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அவற்றுக்கு இதனால் பயனில்லை. எழுத்துக் கோப்புகளுக்கு உண்டு.

ஒரு சாய்கோட்டால் வரும் வினை

ஆர்சிங்கில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் மூலப் பாதையின் கடைசியில் வரும் சாய்கோடு. “படங்கள்” என்ற கோப்புறையை வெளித்தட்டில் உள்ள “காப்பு” என்ற கோப்புறைக்கு நகலெடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். மூலப் பாதை சாய்கோடு இல்லாமல் முடிந்தால், “காப்பு” கோப்புறைக்குள் “படங்கள்” என்ற கோப்புறை உருவாகி, அதற்குள் எல்லாம் போகும். சாய்கோட்டுடன் முடிந்தால், “படங்கள்” கோப்புறைக்குள் இருப்பவை மட்டும் நேரே “காப்பு” கோப்புறைக்குள் கொட்டப்படும்.

ஒரு மாதம் சாய்கோட்டுடனும் அடுத்த மாதம் இல்லாமலும் இயக்கினால் வன்தட்டில் ஒரே படங்கள் இரண்டு இடங்களில் குவிந்துவிடும். அழிக்கும் கட்டளையையும் சேர்த்திருந்தால் விளைவு இதைவிட மோசம். எது வேண்டும் என்று ஒருமுறை முடிவுசெய்து, சரியான கட்டளையை ஓர் உரைக் கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எடுத்துப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ரோபோகாப்பியில் இந்தச் சிக்கல் இல்லை. அது எப்போதும் மூலக் கோப்புறையின் உள்ளடக்கத்தையே சேரிடத்துக்குள் வைக்கும்.

விண்டோஸில் ரோபோகாப்பி

உறுதியான கோப்பு நகலெடுப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே ரோபோகாப்பி. 1990களில் விண்டோஸ் என்டி நிர்வாகிகளுக்கான துணைக் கருவித் தொகுப்பில் வந்தது. 2007இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா முதல் விண்டோஸுடன் சேர்ந்தே கிடைக்கிறது. இன்றைய விண்டோஸ் 10, 11 கணினிகளில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. தொடக்கப் பட்டியலில் ‘சிஎம்டி’ என்று தட்டச்சு செய்தால் கட்டளைச் சாளரம் திறக்கும்.

இதில் வரிசை சற்று மாறும். ரோபோகாப்பி என்ற பெயர், மூலப் பாதை, சேரிடப் பாதை, அதன் பின்னரே விருப்பத் தேர்வுகள். ஒவ்வொரு தேர்வும் சாய்கோட்டுடன் தொடங்கும். ‘இ’ என்ற தேர்வு, காலியானவை உட்பட எல்லா உள் கோப்புறைகளையும் நகலெடுக்கும். ‘எல்’ வெள்ளோட்டத்துக்கு. ‘இசட்’ இடையில் நின்ற பெரிய கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு. ‘லாக்’ என்று எழுதி முக்காற்புள்ளியிட்டு ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால் நடந்தது அனைத்தும் அதில் பதிவாகும்.

கட்டாயம் மாற்ற வேண்டிய இரண்டு தேர்வுகள் ‘ஆர்’, ‘டபிள்யூ’. ஒரு கோப்பை நகலெடுக்க முடியாவிட்டால் எத்தனை முறை முயல வேண்டும் என்பதை ‘ஆர்’ சொல்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதை ‘டபிள்யூ’ சொல்கிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் ரோபோகாப்பி 10 லட்சம் முறை, 30 விநாடி இடைவெளியில் முயலும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 347 நாள். வேறொரு செயலியில் திறந்துகிடக்கும் ஒரே ஒரு கோப்பு முழு வேலையையும் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கக்கூடும். ‘ஆர்’ உடன் முக்காற்புள்ளியும் 2 என்ற எண்ணும், ‘டபிள்யூ’ உடன் முக்காற்புள்ளியும் 5 என்ற எண்ணும் கொடுத்தால், இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

வேலை முடிந்ததும் ரோபோகாப்பி தரும் முடிவு எண்ணும் பலரைக் குழப்புகிறது. பல நிரல்களில் 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் பிழை. ரோபோகாப்பியில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் கோப்புகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் சில கோப்புகள் போகவில்லை என்று கவலைப்பட வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு வன்தட்டின் வேர்ப் பகுதியை, அதாவது ‘டி’ போன்ற டிரைவ் முழுவதையும், மூலமாகக் கொடுத்தால் சேரிடக் கோப்புறை கண்ணுக்குத் தெரியாமல் மறையலாம். வேர்ப் பகுதிக்குரிய மறைவுப் பண்பும் சேர்ந்து நகலாவதே காரணம். கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும். முழு டிரைவைக் கொடுக்காமல் அதற்குள் உள்ள கோப்புறையை மூலமாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

அழிக்கும் கட்டளை

இரண்டு கருவிகளிலும் கவனமாகக் கையாள வேண்டிய ஒரு தேர்வு உண்டு. ஆர்சிங்கில் இரட்டைக் கோட்டுடன் வரும் ‘டிலீட்’. ரோபோகாப்பியில் சாய்கோட்டுடன் வரும் ‘எம்ஐஆர்’. இவை சேரிடத்தை மூலத்தின் கண்ணாடிப் பிம்பமாக மாற்றுகின்றன. மூலத்தில் இல்லாத எதுவும் சேரிடத்திலும் இருக்கக்கூடாது என்பதே இவற்றின் பொருள்.

மூலத்தையும் சேரிடத்தையும் இடம் மாற்றிக் கொடுத்தால், காலியான புதிய வன்தட்டைப் பார்த்துப் பழைய வன்தட்டும் காலியாக்கப்படும். குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே அழிந்துவிடும். லினக்ஸில் வெளித்தட்டு சரியாக இணைக்கப்படாதபோது அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோப்புறை மட்டும் இருக்கலாம். அதை மூலமாகக் கொண்டு அழிக்கும் தேர்வுடன் கட்டளை ஓடினால் நகல் முழுவதும் துடைக்கப்படும்.

அனுபவம் மிக்கவர்களும் இதற்கு விலக்கல்ல. 1998இல் டாய் ஸ்டோரி 2 படம் தயாரிப்பில் இருந்தபோது, பிக்சார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளை படத்தின் கோப்புகளை வரிசையாக அழிக்கத் தொடங்கியது. காப்பு நகலும் சரியாக இயங்கவில்லை என்பது அதன் பிறகே தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் உயர்திறன் கணினியின் காப்பு நிரல் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டதால் தவறான இடத்தில் அழிக்கத் தொடங்கியது. சுமார் 77 டெராபைட் அளவுள்ள 34 மில்லியன் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. காப்பதற்காக எழுதிய நிரலே கோப்புகளை அழித்தது.

இதைத் தவிர்க்க நான்கு பழக்கங்கள் உதவும்.

முதலாவது, அழிக்கும் தேர்வு உண்மையில் தேவையா என்று பார்ப்பது. சங்கத்தின் படங்களைப் பாதுகாக்க அது பெரும்பாலும் தேவையில்லை. மூலத்தில் தவறுதலாக அழிந்தது நகலில் இருப்பதே நல்லது.

இரண்டாவது, தேவைதான் என்றால் முதலில் வெள்ளோட்டம். பட்டியலில் அழிக்கப்படும் என்று வரும் பெயர்களைப் படித்துப் பார்த்த பிறகே உண்மையான கட்டளை. ஒன்றிரண்டு எதிர்பார்த்த இடத்தில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் ஓடினால் எங்கோ தவறு இருக்கிறது.

மூன்றாவது, வரம்பு வைப்பது. ஆர்சிங்கில் ‘மேக்ஸ் டிலீட்’ என்ற தேர்வுடன் ஓர் எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணிக்கைக்கு மேல் அழிக்காது.

நான்காவது, அழிப்பதற்குப் பதிலாக ஒதுக்கி வைப்பது. ஆர்சிங்கில் ‘பேக்கப்’, ‘பேக்கப் டிஐஆர்’ என்ற இரண்டு தேர்வுகளைச் சேர்த்தால், மாற்றப்படும் கோப்பும் நீக்கப்படும் கோப்பும் வேறொரு கோப்புறைக்கு நகர்த்தப்படும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் மூலக் கணினியைத் தாக்கியிருந்தால், கெட்ட கோப்பு நல்ல நகலின் மேல் எழுதப்பட்டு இரண்டும் போய்விடும் ஆபத்தை இது குறைக்கும்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள்

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் சில சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, பெயரின் நீளம். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீட்டு எழுத்துகள் வரை இருக்கலாம். லினக்ஸில் வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ஆக, லினக்ஸில் தமிழ்ப் பெயர் 85 குறிகளைத் தாண்ட முடியாது. “தீபாவளி” என்ற சொல்லுக்கே 7 குறிகள், 21 பைட். நிகழ்ச்சியின் முழுத் தலைப்பையும் கோப்பின் பெயராக வைத்திருந்தால் விண்டோஸில் திறக்கும். லினக்ஸில் இயங்கும் வலைப்பின்னல் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்று நின்றுவிடும்.

இரண்டு, ஒரே பெயர் இரண்டு விதமாகப் பதிவாவது. யூனிகோடில் ‘பொ’ என்பதை ‘ப’ உடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ‘ப’, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. “பொங்கல்” என்ற சொல் முதல் முறையில் 7 குறிகள், இரண்டாவதில் 8. மேக் கணினிகள் முன்பு பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இதனால் பழைய மேக் வன்தட்டிலிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க் செய்யும்போது, அங்கு ஏற்கெனவே உள்ள “பொங்கல்” கோப்புறையை அது வேறொன்றாகக் கருதும். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றும். ஒ, ஓ, ஔ ஒலி சேர்ந்த உயிர்மெய் எழுத்துகள் உள்ள பெயர்களில் இது நடக்கும். 2008இல் வந்த ஆர்சிங்க் 3.0 பதிப்பு முதல் உள்ள ‘ஐகான்வ்’ என்ற தேர்வு இந்த மாற்றத்தைச் சரிசெய்யும்.

மூன்று, எழுத்துரு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் முதலாகத் தமிழ்க் கணிமைக்கு இந்த வட்டாரத்தில் நீண்ட வரலாறு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த மலர்களும் அறிக்கைகளும் அந்தந்தக் காலத்து எழுத்துருக் குறியீட்டில் உள்ளன. நகலெடுப்புக் கருவி பைட்டுகளை அப்படியே கொண்டுபோகும்; ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பழைய கணினியைக் கைவிடுவதற்கு முன் ஆவணங்களோடு எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுப்பது அவசியம். முக்கியமானவற்றைப் பிடிஎஃப் வடிவிலும் சேமித்துக்கொள்ளலாம்.

கட்டளைச் சாளரத்தில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது திரையில் காட்டும் எழுத்துருவின் குறை. நகலில் பிழை இல்லை. கட்டளையில் தட்டச்சு செய்ய வேண்டிய மேல்நிலைக் கோப்புறைக்கு மட்டும் சுருக்கமான ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டு, உள்ளே தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொள்வது எளிய வழி.

தட்டின் வகையும் முக்கியம்

யுஎஸ்பி சேமிப்புக் குச்சியை நம் வட்டாரத்தில் தம்ப் டிரைவ் என்றே அழைக்கிறோம். அந்தப் பெயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம், ஆண்டு 2000. இத்தகைய குச்சிகளில் பல ஃபேட்32 என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அதில் 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்பு எதையும் எழுத முடியாது. ஆண்டு விழாவின் முழுக் காணொளி நகலாகாமல் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஃபேட்32 கோப்பின் நேரத்தை இரண்டு விநாடித் துல்லியத்தில் மட்டுமே பதிவு செய்யும். இதனால் மாறாத கோப்பும் மாறியதாகத் தோன்றி, ஒவ்வொரு முறையும் அனைத்தும் மறுபடி நகலாகும். ஆர்சிங்கில் ‘மாடிஃபை விண்டோ’ என்ற தேர்வுக்கு 1 என்று கொடுத்தாலும், ரோபோகாப்பியில் ‘எஃப்எஃப்டி’ என்ற தேர்வைச் சேர்த்தாலும் இது தீரும். மேக், விண்டோஸ் இரண்டிலும் பயன்படுத்த வேண்டிய தட்டுக்கு எக்ஸ்ஃபேட் பொருத்தமானது. விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதற்கு என்டிஎஃப்எஸ் நல்லது. தட்டின் வகையை மாற்றினால் அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், முதலில் காலி செய்த பிறகே மாற்ற வேண்டும்.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு

தொலைவிலுள்ள கணினிக்கு ஆர்சிங்க் பொதுவாக எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பின் வழியாகவே செல்கிறது. கடவுச்சொல் திருட்டு ஒன்றுக்குப் பிறகு ஃபின்லாந்தின் ததூ உலோனன் 1995இல் உருவாக்கியது இது. சேரிடப் பாதைக்கு முன் பயனர் பெயர், அட் குறி, கணினியின் முகவரி, முக்காற்புள்ளி ஆகியவற்றைச் சேர்த்தால் போதும்; மற்றவை முன்பு போலவே. கூகல் டிரைவ் போன்ற மேகச் சேமிப்புக்கு ஆர்குளோன் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதில் ‘காப்பி’ என்ற கட்டளை சேர்க்க மட்டும் செய்யும். ‘சிங்க்’ என்ற கட்டளை சேரிடத்தில் கூடுதலாக உள்ளவற்றை அழிக்கும். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது.

நகல் சரியாக வந்ததா?

ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பையும் அனுப்பும்போது சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு ஒப்பிடுகிறது. ஆனால் தட்டில் எழுதிய பிறகு அதை மறுபடி படித்துப் பார்ப்பதில்லை. பழைய தட்டைத் தூக்கி எறிவதற்கு முன், ‘சி’ என்ற சிறிய எழுத்தையும் வெள்ளோட்டத்துக்கான ‘என்’ எழுத்தையும் சேர்த்து ஒருமுறை இயக்குவது நல்லது. அப்போது நேரத்தையும் அளவையும் நம்பாமல், இரு பக்கமும் எல்லாக் கோப்புகளையும் முழுதாகப் படித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும், பட்டியல் காலியாக வந்தால் நிம்மதி. ரோபோகாப்பி உள்ளடக்கத்தை ஒப்பிடுவதில்லை. விண்டோஸில் ‘செர்ட்யூடில்’ என்ற கட்டளையைக் கொண்டு முக்கியமான கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணை இரு பக்கமும் எடுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நகலிலிருந்து பத்துக் கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து பார்ப்பதே உண்மையான சோதனை.

எத்தனை நகல் வேண்டும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கிய 3-2-1 விதி உதவும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். அந்த “வேறு இடம்” எவ்வளவு முக்கியம் என்பதை 2021 டிசம்பர் வெள்ளம் காட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, மேசையில் இருந்த கணினியும் அதன் பக்கத்தில் இருந்த வன்தட்டும் ஒரே நீரில்தான் மூழ்கியிருக்கும். கிள்ளானில் இருப்பவர் ஒரு தட்டை ஈப்போவில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைத்தாலே விதி நிறைவேறிவிடும்.

உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் முகவரியும் உள்ள தட்டை இப்படிக் கொடுக்கும்போது அதைப் பூட்டி வைப்பது பொறுப்பு. மலேசியாவில் 2010இலும் சிங்கப்பூரில் 2012இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. விண்டோஸின் உயர் பதிப்புகளில் பிட்லாக்கர் வசதியைக் கொண்டு வெளித்தட்டைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டலாம். மேக்கில் தட்டை அமைக்கும்போதே மறையாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கடவுச்சொல் நிர்வாகத்தில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல், அவர் இல்லாத நாளில் தட்டைத் தொலைத்ததற்குச் சமம்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டியவை

1. மாதக் கடைசியில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வெளித்தட்டைச் செருகுவது.

2. எழுதி வைத்த கட்டளையை வெள்ளோட்டத்துடன் இயக்கிப் பட்டியலைப் படிப்பது.

3. சரியாக இருந்தால் வெள்ளோட்டத் தேர்வை நீக்கி மறுபடி இயக்குவது.

4. பிழை உண்டா என்று கடைசி வரிகளைப் பார்ப்பது.

5. முறையாக வெளியேற்றிய பிறகே தட்டைக் கழற்றுவது. செருகியபடியே விட்டால் தீநிரல் அதையும் தாக்கும்.

6. ஆண்டுக்கு இருமுறை, வேறு இடத்தில் உள்ள தட்டை வரவழைத்துப் புதுப்பிப்பது.

கட்டளையையும் தட்டுகள் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தின் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்து வரும் செயலாளர் எதையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை.